பொறுப்பு மட்டும் மிஞ்சிய காவல்

இரவு இரண்டு மணி. ஏலத்தோட்டத்தின் கீழ்ச்சரிவில் ஒரு வெளிச்சம் அசைகிறது. யாரோ பச்சைக்காயைச் சரத்தோடு அறுத்துச் சாக்கில் திணிக்கிறார்கள். காவலுக்கு நிற்பவர் ஒற்றை ஆள். கையில் ஒரு டார்ச், ஒரு கம்பு, சிக்னல் வந்து வந்து போகும் ஒரு செல்பேசி. அவர் அந்த ஆளை விரட்டலாமா? பிடிக்கலாமா? அடிக்கலாமா? விடியும்வரை ஸ்டோரில் பூட்டி வைக்கலாமா? சாக்கைப் பறித்துக்கொள்ளலாமா?

இத்தனை கேள்விக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. காவலுக்கு நிற்பவருக்கு அதை எடுத்துச் சொல்ல மட்டும் ஆள் இல்லை. சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம், போடி என்று அடிவாரத்து ஊர்களிலிருந்து ஆடியில் தொடங்கி மாசி வரை காயெடுப்புக்கு மலையேறுகிறவர்கள் ஏராளம். அவர்களோடு காவலுக்குப் போகிறவர்களும் உண்டு. தோட்டம், காய் உலர்த்தும் ஸ்டோர், போடியின் ஏலக்காய்க் கிட்டங்கி, கீழே மாந்தோப்பு, தென்னந்தோப்பு, இலவந்தோப்பு என்று அவர்கள் நிற்காத இடம் இல்லை. வேலைக்குச் சேரும்போது அவர்கள் காதில் விழுவது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: “காய் போனா உன் பொறுப்பு.”

அந்த ஒரு வாக்கியத்தில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த மண்ணில் காவல்காரருக்கு அதிகாரமும் இருந்தது, பொறுப்பும் இருந்தது. இன்று அதிகாரம் அரசிடம் போய்விட்டது. அது சரியான மாற்றம்தான். ஆனால் பொறுப்பு மட்டும் பழைய கனம் குறையாமல் காவலாளியின் தலையிலேயே தங்கிவிட்டது. அதை இறக்கி வைக்கவேண்டிய கடமை சட்டத்துக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் அரசுக்கும் இருக்கிறது.

பழைய காவல் முறை

மதுரைச் சீமையில் ஊர்க்காவல் என்பது கூலி வேலை மட்டுமாக இருந்ததில்லை. காவல் உரிமை பெற்றவர்கள் ஊரின் களத்தையும் மாட்டையும் விளைச்சலையும் காத்தார்கள். அதற்கு ஈடாக விளைச்சலில் பங்கு பெற்றார்கள். களவு போனால் பொருளை மீட்டுத் தரவேண்டும். முடியாவிட்டால் ஈடு கட்டவேண்டும் என்பது வழக்கம். திருடனைத் தேடவும் பிடிக்கவும் அவர்களுக்கு ஊரே அதிகாரம் கொடுத்திருந்தது. அம்முறையில் மிரட்டலும் இருந்தது, சாதி ஆதிக்கமும் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. 1896 வாக்கில் மதுரை, திண்டுக்கல் பகுதிகளில் காவலை எதிர்த்துக் குடியானவர்கள் கிளர்ந்தார்கள். காலனி அரசு அந்த முறையை ஒடுக்கியது. காவல் உரிமை பறிபோனவர்கள் மீதே பின்னர் 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் பாய்ந்தது. அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது.

இந்த வரலாற்றின் மிச்சம் ஒன்று இன்றும் நம்மிடம் இருக்கிறது. களவு போனதற்குக் காவல்காரர் ஈடு கட்டவேண்டும் என்ற எண்ணம்தான் அது. அன்று ஈடு கட்டியவருக்கு விளைச்சலில் பங்கு இருந்தது. இன்று மாதச் சம்பளத்துக்கு நிற்பவரிடம் அதே ஈட்டைக் கேட்பதில் என்ன நியாயம்?

2005-இன் சட்டம்

தனியார் காவல் பணிக்கென்று நாடு முழுவதற்குமான சட்டம் 2005-இல்தான் வந்தது. தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம் என்று அதற்குப் பெயர். 2006 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மாநில அரசு நியமிக்கும் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் உரிமம் பெறாமல் யாரும் காவலாளிகளை அனுப்பும் தொழிலை நடத்தக் கூடாது. ஒரு மாவட்டத்துக்கு உரிமக் கட்டணம் 5,000 ரூபாய். ஐந்து மாவட்டம் வரை 10,000. மாநிலம் முழுவதற்கும் 25,000. உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். உரிமம் இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

காவலாளியாக வருபவருக்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும், 65-ஐ எட்டியிருக்கக் கூடாது. அவருடைய நடத்தையும் பின்னணியும் சரிபார்க்கப்பட வேண்டும். பயிற்சி முடித்திருக்க வேண்டும். 2006-இல் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள் இந்தப் பயிற்சிக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் என்று அளவு குறித்தன. முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் இது குறைவு. தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைக் கையாளுதல், தற்காப்பு உரிமை, காவல் நிலையத்தில் புகார் பதியும் முறை எல்லாம் பாடத்திட்டத்தில் உண்டு. ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓடவேண்டும். புகைப்பட அடையாள அட்டை வெளியே தெரியும்படி இருக்கவேண்டும். சட்டையின் இடது பையில் விசில் இருக்கவேண்டும் என்பது வரை விதிகள் பேசுகின்றன.

சீருடைக்கும் எல்லை உண்டு. ராணுவத்தின் அல்லது போலீசின் சீருடையையோ, அதைப் போலத் தோன்றும் உடையையோ காவலாளி அணிந்தால் அவரும் தண்டனைக்கு உரியவர், முகமையின் உரிமையாளரும் தண்டனைக்கு உரியவர். தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இவ்வளவும் சொல்லும் சட்டம், காவலாளிக்குப் போலீஸ் அதிகாரத்தில் ஒரு துளியையும் கொடுக்கவில்லை. உரிமம் பெற்ற நிறுவனத்தின் சீருடையில் நின்றாலும் சட்டத்தின் கண்ணில் அவர் ஒரு சாதாரணக் குடிமகன். உங்களுக்கும் எனக்கும் என்ன அதிகாரமோ அதுதான் அவருக்கும்.

பிடிக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும்

அந்தக் குடிமகனின் அதிகாரம் எதுவரை? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆவது பிரிவு பதில் சொல்கிறது. தன் கண்ணெதிரே, ஜாமீனில் விட முடியாததும் போலீசார் பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடியதுமான குற்றத்தை ஒருவர் செய்தால், எந்தக் குடிமகனும் அவரைப் பிடிக்கலாம். அறிவிக்கப்பட்ட தலைமறைவுக் குற்றவாளியையும் பிடிக்கலாம். பிடித்தவரைத் தாமதமின்றி, எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், போலீசாரிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் தாமதமின்றி என்று மட்டும் இருந்தது. ஆறு மணி நேரம் என்ற கெடு புதியது.

கண்ணெதிரே என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவேண்டும். காலையில் வந்து, ‘நேற்று ராத்திரி இவன்தான் எடுத்தான்’ என்று ஒருவர் சொன்னதை வைத்துக் காவலாளி யாரையும் பிடிக்க முடியாது. தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டார் என்பதற்காக மட்டும் பிடிக்கவும் முடியாது. வெறும் அத்துமீறல் ஜாமீனில் விடக்கூடிய குற்றம். வெளியே போகச் சொல்லலாம், விசிலடித்து ஆள் கூட்டலாம், போலீசுக்குச் சொல்லலாம்.

திருட்டில்தான் ஒரு நுட்பமான கோடு விழுந்திருக்கிறது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறையாகத் திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்தால் தண்டனை சமூக சேவை. இந்த வகைத் திருட்டு ஜாமீனில் விடக்கூடியது. போலீசாரே பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாதது. ஆகவே குடிமகனின் கைது அதிகாரமும் இதற்குச் செல்லாது.

ஏலக்காய்க் கணக்கில் இதைப் பார்ப்போம். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ தேறும். உலர்காய் கிலோ 2,500 ரூபாய் என்றால், பத்துக் கிலோ பச்சைக்காய் வரை இந்தக் கோட்டை ஒட்டித்தான் நிற்கிறது. 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்துப் புற்றடி ஏல மையத்தில் விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது இந்தச் சட்டம் இருந்திருந்தால், நான்கு கிலோ பச்சைக்காயே கோட்டைத் தாண்டியிருக்கும். சாக்கில் எத்தனை கிலோ, இன்றைய விலை என்ன, இவருக்கு இது முதல்முறையா என்பதையெல்லாம் இருட்டில் டார்ச் அடித்து யார் கணக்குப் போடுவது?

இடமும் ஆளும் மாறினால் பிரிவும் மாறும். அதே காயை உலர்த்தும் ஸ்டோருக்குள் புகுந்து எடுத்தால் 305-ஆவது பிரிவு. சரக்கு வைக்கும் கட்டடத்தில் நடந்த திருட்டுக்கு ஏழாண்டு வரை சிறை. தோட்டத்து வேலையாளே எடுத்தால் 306-ஆவது பிரிவு. அதற்கும் ஏழாண்டு வரை. இவ்விரண்டிலும் தொகை எவ்வளவு என்ற கேள்வி எழாது, ஜாமீனில் விடும் குற்றமும் இல்லை. வெளியாள் சரத்தோடு அறுத்துப் போனால் பிடிக்க முடியாமல் போகலாம். கூலிக்கு வந்த பெண்ணின் மடியில் ஒரு கைப்பிடி காய் இருந்தால் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. இந்த ஏற்றத்தாழ்வு தெரியாமல் காவலாளியைக் களத்தில் நிறுத்துவது அவருக்கும் ஆபத்து, கூலிப் பெண்களுக்கும் ஆபத்து.

ஆனாலும் பொருளைக் காக்கும் உரிமை தொகை பார்த்து வருவதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. தன்னுடைய அல்லது பிறருடைய உடலையும், திருட்டு, கொள்ளை, சேதம், அத்துமீறல் ஆகியவற்றிலிருந்து பொருளையும் காக்க அவ்வுரிமை எல்லோருக்கும் உண்டு. ஆகவே சாக்கைப் பறித்துக்கொள்ளலாம். பொருளோடு ஓடுபவரைத் துரத்தி மீட்கலாம். சாக்கு கைக்கு வந்ததும் அந்த உரிமை முடிந்தது. அதற்குப் பிறகு ஓர் அடி விழுந்தாலும் அது காவலாளியின் குற்றம்.

கட்டி வைத்தால்

சட்டத்துக்குப் புறம்பாக ஒருவரை அடைத்து வைப்பதற்கு ஓராண்டு வரை சிறை உண்டு. மரத்தில் கட்டுவது, அறையில் பூட்டுவது, செருப்பைப் பிடுங்கிக்கொண்டு உட்கார வைப்பது, ஊரைக் கூட்டிப் படம் எடுப்பது எல்லாம் நம் தோப்புகளில் தண்டனை என்ற பெயரில் நடக்கின்றன. அவை தனித்தனிக் குற்றங்கள். அவற்றின் முடிவு எங்கே போகும் என்பதற்கு அட்டப்பாடி சாட்சி. கோவை எல்லையை ஒட்டிய அந்த மலையில் 2018 பிப்ரவரி 22 அன்று, அரிசி திருடினார் என்று சொல்லி ஒரு பழங்குடி இளைஞரைக் காட்டிலிருந்து பிடித்து வந்து, கட்டி, அடித்து, படமும் எடுத்தார்கள். போலீசிடம் ஒப்படைத்த பிறகு மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவர் இறந்தார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து, 13 பேருக்கு ஏழாண்டு கடுங்காவல் விதித்தது. ஒருவரைப் பிடித்து ஒப்படைப்பது குடிமகனின் உரிமை என்று நினைத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம். உரிமைக்கும் வெறிக்கும் நடுவே உள்ள எல்லையை யாராவது அவர்களுக்குக் கற்றுக் கொடுத்திருந்தால் ஓர் உயிர் மிஞ்சியிருக்கும்.

சோதனை போடுவதிலும் எல்லை தெளிவு. குடிமகன் ஒருவர் பிடித்தவரைச் சோதிக்கும் அதிகாரம், அவரை ஏற்றுக்கொள்ளும் போலீஸ் அதிகாரிக்குத்தான் உண்டு. சுரக்ஷா சன்ஹிதாவின் 49-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பெண்ணாக இருந்தால் இன்னொரு பெண்தான், கண்ணியம் குறையாமல், சோதிக்க வேண்டும். மாலையில் வேலை முடிந்து ஜீப் ஏறும் பெண்களிடம் பையைத் திறந்து காட்டச் சொல்வது அவர்களின் சம்மதத்தோடு நடக்கலாம். உடம்பைத் தொட்டுத் தடவுவதற்கு எந்தக் காவலாளிக்கும், எந்தக் கங்காணிக்கும் உரிமை கிடையாது. ஒரு பெண்ணின் மானத்துக்குப் பங்கம் செய்யும் நோக்கில் கை வைத்தால் குறைந்தது ஓராண்டு, அதிகம் ஐந்தாண்டு சிறை.

துப்பாக்கியும் அப்படித்தான். 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் ஆளின் பெயருக்கு வருகிறது. முதலாளியின் பெயரில் உள்ள துப்பாக்கியை, முறையான அனுமதி பெறாத காவலாளியின் கையில் கொடுத்து மேலே அனுப்பினால் இருவரும் சிக்குவார்கள். வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது அதைவிடக் கொடியது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பது தற்காப்பு உரிமையின் அடிப்படை. சில கிலோ காய்க்காக உயிரைப் பறிக்கும் கம்பிக்கு அந்த உரிமையில் இடமே இல்லை. யானை எதிரே வந்தால் தன் உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு செய்ததை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குற்றமாகக் கொள்ளாது. பயிரைக் காக்க யானையைக் கொல்வதற்கு அந்த விலக்கு செல்லாது.

பலர் அறியாத கடமை

அதிகாரத்தில் சுருக்கமாக நின்ற 2005-இன் சட்டம், கடமையில் விரிகிறது. அதன் 18-ஆவது பிரிவை ஒவ்வொரு தோட்டத்து அலுவலகத்திலும் எழுதி ஒட்டலாம். வேலையில் அறிந்துகொண்ட செய்தியைக் காவலாளி வெளியே சொல்லக் கூடாது. ஆனால் போலீஸ் விசாரணைக்கும் சட்டத்தின் தேவைக்கும் இந்த ரகசியம் தடை ஆகாது. முகமையின் செயல்பாடு பற்றி விசாரணை நடந்தால் உதவ வேண்டும். பணியின்போது சட்டமீறல் ஏதாவது கண்ணில் பட்டால் மேலாளருக்குச் சொல்ல வேண்டும். அந்த மேலாளர் போலீசுக்குச் சொல்ல வேண்டும்.

சட்டமீறல் என்றால் வெளியாளின் மீறல் என்று அந்தப் பிரிவு சுருக்கவில்லை. பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளை காய் எடுத்தாலும், அனுமதியில்லாமல் மரம் விழுந்தாலும், முன்பணம் காட்டி ஒரு குடும்பத்தை லயத்தைவிட்டு வெளியேற விடாமல் வைத்திருந்தாலும், கண்டதைச் சொல்லவேண்டிய கடமை காவலாளிக்கு உண்டு. கதவருகே நிற்பவர் முதலாளிக்கு மட்டும் காவல் இல்லை, சட்டத்துக்கும் காவல். இதைச் சொன்னதற்காக அவர் வேலை போனால் யார் கேட்பார்கள் என்ற கேள்விக்குத்தான் சட்டத்தில் பதில் இல்லை.

இன்னொரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. இந்தச் சட்டம் காவலாளிகளை அனுப்பும் முகமைகளைக் கட்டுப்படுத்துகிறது. தோட்ட உரிமையாளர் தானே நேரடியாக அமர்த்திக்கொள்ளும் காவல்காரர் இதற்குள் வரமாட்டார். அவருக்குப் பயிற்சி கட்டாயம் இல்லை, அடையாள அட்டை இல்லை, வயது உச்சவரம்பு இல்லை, மேற்பார்வையாளர் இல்லை. சிறிய, நடுத்தரத் தோட்டங்களும் தோப்புகளும் நிறைந்த எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் அமர்த்தப்படுவது இத்தகையவர்கள்தான். உழைப்பு ஓய்ந்த வயதில், ‘சும்மா படுத்துக் கிடந்தாப் போதும்’ என்று சொல்லி அழைத்துப் போகப்படும் முதியவரே பல தோப்புகளின் காவல். உரிமச் சட்டத்தின் நிழல்கூட அவர்மீது விழுவதில்லை.

போடிமெட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

மலையில் இன்னொரு சிக்கல் எல்லை. முந்தலில் ஏறத் தொடங்கும் சாலை போடிமெட்டில் கேரளத்துக்குள் நுழைகிறது. தோட்டங்களில் பெரும்பகுதி இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை வட்டாரத்தில் இருக்கிறது. உழைப்பவர்களில் பெரும்பகுதி தேனி மாவட்டத்தின் அடிவாரத்து ஊர்களில் இருக்கிறார்கள். உரிமம் மாநிலம் தோறும் தனித்தனி. சென்னையில் வழங்கிய உரிமத்தைக் காட்டிச் சாந்தன்பாறையில் காவலாளியை நிறுத்த முடியாது; அதற்குக் கேரளத்தின் உரிமம் வேண்டும்.

தோட்டத்தில் பிடித்தவரை எந்தக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது என்பது காவலாளிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மழையில் ஜீப் பாதை வழுக்கும்போது உள்காட்டிலிருந்து ஆறு மணி நேரம் என்பது நீண்ட நேரம் இல்லை. குற்றம் எந்த எல்லைக்குள் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் பதியலாம் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு சொல்கிறது. அடிவாரத்து நிலையத்தில் ‘அது கேரளா கேஸ்’ என்று கையை விரித்தால், இந்தப் பிரிவை எடுத்துச் சொல்லும் அறிவு காவலாளிக்கு வேண்டும்.

தாக்கப்படுகிறவரும் அவரே

காவலாளிகளின் கையில் யாராவது அடிபட்டால் செய்தி ஆகிறது. காவலாளிகள் அடிபடுவது செய்தியாக நிலைப்பதில்லை. 2017 ஏப்ரலில் நீலகிரியின் கொடநாடு எஸ்டேட் பங்களாவில் கொள்ளைக் கும்பல் புகுந்தபோது கொல்லப்பட்டவர் ஒரு காவலாளி. இன்னொரு காவலாளி காயமடைந்தார். பங்களாவில் என்ன இருந்தது, எது காணாமல் போனது என்பது பற்றி இத்தனை ஆண்டுகளாக அரசியல் மேடைகள் பேசுகின்றன. மலைத்தோட்டத்து வாசலில் இரவில் உயிரை விட்டவரைப் பற்றி அவை பேசியது மிகக் குறைவு. 2015 ஜனவரியில் திருச்சூரில் வசதியானவர்களின் குடியிருப்பு ஒன்றில், வாயிற்கதவைத் திறக்கத் தாமதம் ஆனது என்பதற்காக ஒரு காவலாளியைத் தொழிலதிபர் ஒருவர் காரால் மோதித் தாக்கினார். காவலாளி இறந்தார், கொன்றவருக்கு மறு ஆண்டு ஆயுள் தண்டனை கிடைத்தது.

எல்லாவற்றையும்விட நெஞ்சைச் சுடுவது மடப்புரம். சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தை அடுத்த அந்த ஊர்க் கோயிலில் காவலாளியாக இருந்த இளைஞரிடம், காரை நிறுத்தித் தரும்படி சாவி கொடுக்கப்பட்டது. பிறகு காரிலிருந்த நகையைக் காணோம் என்று புகார். விசாரணைக்கு அழைத்துப் போன போலீசாரின் அடியில் 2025 ஜூன் 28 அன்று அவர் உயிர் போனது. போலீஸ்காரர்கள் கைதானார்கள்; வழக்கு சிபிஐக்குப் போனது. கார் நிறுத்துவது காவலாளியின் வேலையா? சாவியை வாங்க மறுக்கும் உரிமை அவருக்கு இருந்ததா? அவருடைய பணி எது, எது இல்லை என்று எழுதிய ஒரு காகிதம் எங்காவது இருந்ததா? இந்தக் கேள்விகளை அந்தக் கொடுமை நம்முன் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. பொருள் காணாமல் போனால் முதல் சந்தேகம் காவலாளிமீது விழுவது வழக்கமாகிவிட்ட நாட்டில், எழுத்தில் உள்ள பணி வரையறை ஓர் உயிர்க்கவசம்.

அரசு ஊழியரைப் பணியின்போது தாக்கினால் அதற்குத் தனிப்பிரிவு உண்டு. தனியார் காவலாளியைத் தாக்கினால் சாதாரண அடிதடி வழக்குத்தான். தமிழர்கள் பலர் காவல் பணியில் இருக்கும் சிங்கப்பூரில் 2007-இல் காவல் பணிக்குத் தனிச்சட்டம் இயற்றி, உரிமம் வழங்கும் பொறுப்பைப் போலீசிடம் கொடுத்தார்கள். பணியில் இருக்கும் காவலாளியைத் தாக்குவோருக்கும் துன்புறுத்துவோருக்கும் கூடுதல் தண்டனை என்று 2021-இல் திருத்தமும் செய்தார்கள். அங்கும் காவலாளிக்குப் போலீஸ் அதிகாரம் இல்லை. ஆனால் அவர்மீது கை வைப்பது விளையாட்டில்லை என்று சட்டம் சொல்கிறது.

சம்பளத்தில் பிடிப்பது சரியா?

‘காய் போனா உன் பொறுப்பு’ என்ற வாக்கியத்தைச் சட்டத்தின் முன் நிறுத்திப் பார்ப்போம். முன்பு இருந்த 1936-ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டமும் சரி, அதன் இடத்துக்கு வந்த 2019-இன் ஊதியத் தொகுப்புச் சட்டமும் சரி, களவு போன பொருளுக்காகச் சம்பளத்தில் பிடிப்பதற்குக் கடுமையான நிபந்தனைகள் வைத்திருக்கின்றன. அந்தப் பொருள் அவரிடம் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். அவருடைய கவனக்குறைவால் நேரடியாக ஏற்பட்ட இழப்பு என்று காட்ட வேண்டும். அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். இழப்பின் அளவுக்கு மேல் பிடிக்கக் கூடாது.

ஏக்கர் கணக்கில் விரிந்த தோட்டத்தில், இருட்டில், தனி ஆளாக நிற்பவரிடம் செடியில் தொங்கும் காயை யாரும் எண்ணி ஒப்படைப்பதில்லை. அவர் கீழ்ச்சரிவில் நிற்கும்போது மேல்சரிவில் திருட்டு நடந்தால் அது கவனக்குறைவும் இல்லை. ஆகவே மாதக் கடைசியில் கூசாமல் பிடிக்கப்படும் அந்தத் தொகையில் பெரும்பகுதி சட்டவிரோதமானது. ஈடு கட்டும் பழைய வழக்கத்தை மறந்துவிட்டு, வாங்கும் வேலைக்குக் கூலி கொடுக்கும் பழக்கத்துக்கு நாம் வரவேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, நேரடியாக அமர்த்தப்படும் காவலாளியையும் விதிக்குள் கொண்டுவர வேண்டும். சட்டத்தைத் திருத்தக் காத்திருக்கத் தேவையில்லை. பெயர், பணி நேரம், சம்பளம், காவல் எல்லை, செய்யக்கூடியவை, செய்யக்கூடாதவை ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் காகிதம் போதும். அதன் பிரதி உள்ளூர்க் காவல் நிலையத்தில் இருக்கட்டும். இதை ஏலக்காய் விவசாயிகள் சங்கங்கள் நாளையே தொடங்கலாம்.

இரண்டாவதாக, பயிற்சி போடியிலேயே கிடைக்க வேண்டும். இலவச சட்ட உதவிக்கென்று 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தேனியிலும் இருக்கிறது. காயெடுப்பு தொடங்கும் முன், சிலமலை போன்ற ஊர்களில் ஒருநாள் முகாம் நடத்தி, பிடிப்பது, ஒப்படைப்பது, தொடக் கூடாதது ஆகிய மூன்றைத் தமிழில் சொல்லிக் கொடுத்தால்கூடப் பாதித் தவறுகள் குறையும். நறுமணப் பொருள் வாரியமும் இதற்குக் கை கொடுக்கலாம். காயின் தரத்துக்குப் பயிற்சி தருகிறவர்கள் காயைக் காப்பவருக்கும் தரலாம்.

மூன்றாவதாக, தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து ஒரு பொதுப்பதிவேடு வைக்க வேண்டும். எந்தத் தோட்டத்துக்கு எந்தக் காவல் நிலையம், எந்த எண், எந்த வழி என்ற அட்டை ஒவ்வொரு காவல் குடிசையிலும் தொங்கவேண்டும். அவசர அழைப்பு எண் 112 இரு மாநிலங்களுக்கும் பொது.

நான்காவதாக, நலவாரியம். மகாராஷ்டிரம் 1981-இலேயே தனியார் காவலாளிகளின் பணியமர்த்தலுக்கும் நலனுக்கும் சட்டம் இயற்றி, வாரியங்களில் பதிவு செய்து, ஊதியமும் சேமநிதியும் வாரியம் வழியே போகும் முறையைக் கொண்டுவந்தது. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்வோர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் சட்டத்தைத் திருத்திய தமிழ்நாடு, நின்றே தேயும் இந்தக் கால்களுக்கும் வழி காட்டலாம். இரவுக் காவலுக்கு இருவர், வாரம் ஒரு நாள் விடுப்பு, நனையாத குடிசை, முறையான டார்ச், மழைச்சட்டை என்ற அளவுகளை விதியாக்கலாம்.

ஐந்தாவதாக, பணியில் இருக்கும் காவலாளியைத் தாக்குவதற்குக் கூடுதல் தண்டனை வேண்டும். சட்டமீறலைப் போலீசுக்குச் சொன்ன காவலாளியை வேலையிலிருந்து நீக்குவதற்குத் தடை வேண்டும். கடமையைச் சட்டம் விதித்தால், அந்தக் கடமையைச் செய்பவரைக் காப்பதும் சட்டத்தின் வேலை.

தோட்டம் வைத்திருக்கும் அண்ணாச்சிகளுக்கும் தோப்புக் குத்தகைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விலை ஏறும் பருவத்தில் உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆண்டெல்லாம் பாடுபட்டு விளைவித்ததை ஓர் இரவில் பறிகொடுக்கும் வலி சிறியதில்லை. ஆனால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொல்லாமல் ஒருவரைக் கம்போடு மேலே அனுப்பினால், அவர் ஒன்று பயந்து ஒதுங்குவார், இல்லையேல் கோபத்தில் கை மீறுவார். முதலாவதில் உங்கள் காய் போகும். இரண்டாவதில் ஓர் உயிர் போகலாம், அவர் சிறைக்கும் போகலாம், வழக்கில் உங்கள் பெயரும் வரலாம். இந்தப் பருவத்தில் காவலுக்கு ஆள் அனுப்பும் முன் அந்த ஒரு பக்கக் காகிதத்தை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். களவு போனதற்குச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். காவலாளிக்குச் சட்டம் தராத அதிகாரத்தை நீங்களும் எதிர்பார்க்காதீர்கள். அவருக்குச் சட்டம் தந்திருக்கும் உரிமையை நீங்கள் பறிக்காதீர்கள்.